ஒதுக்கிய பணமும் எழுதாத சட்டமும்



அரசு பணத்தைச் செலவழிக்க அதிகாரம் தரும் சட்டங்கள் அரசமைப்புச் சட்டப்படி செல்லுமா என்பது இன்றைய பேச்சின் பொருள். இது வழக்கறிஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று வேறு ஊரில் யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நம் புனேயில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வெடித்ததே பாஷானில் உள்ள ஒரு நிலத்தால்தான்.

24 ஏக்கர் 38 குண்டா நிலம். ஒரு குடும்பம் 1950-களில் விலைக்கு வாங்கியது. அரசு அதை எடுத்துக்கொண்டு பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். ஈடாக மாநில அரசு வேறொரு நிலம் கொடுத்தது. அது வனத்துறை நிலம் என்று பின்னால் தெரியவந்தது. கடைசியில் பேச்சு இழப்பீட்டுக்கு வந்தது. 37.42 கோடி ரூபாய் தரலாம் என்றது மகாராஷ்டிர அரசு. குடும்பம் கேட்டதோ 300 கோடிக்கு மேல். நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வுக்குப் பொறுமை போய்விட்டது. இலவசத் திட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி இருக்கிறது, நிலத்தை இழந்தவருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா என்று கேட்டார்கள். நியாயமான தொகையோடு வராவிட்டால், பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் 'லாட்கி பஹின்' திட்டத்தையே நிறுத்த உத்தரவிடுவோம் என்றும் எச்சரித்தார்கள்.

அதே ஆகஸ்டின் 5-ஆம் தேதி, பம்பாய் உயர் நீதிமன்றம் அதே லாட்கி பஹின் திட்டத்துக்கு எதிரான பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்திருந்தது. தலைமை நீதிபதி டி.கே. உபாத்யாயா, நீதிபதி அமித் போர்க்கர் அமர்வு. வரி கட்டுகிறவர்களின் பணத்தை மாதம் 1,500 ரூபாயாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்பது மனுதாரரின் கேள்வி. கட்டணத்துக்கும் வரிக்கும் வேறுபாடு உண்டு. வரி கட்டியவர் அதற்கு ஈடாக இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடு சட்டமன்றத்தின் வேலை, அதில் நீதிமன்றம் எப்படிக் கைவைக்கும் என்பதே அந்த அமர்வின் போக்கு.

ஒரு நீதிமன்றம் நிறுத்துவேன் என்றது. இன்னொன்று தொடமாட்டேன் என்றது. இரண்டுமே திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தின் ஓரத்தில் நின்றே பேசின. நான் கேட்க விரும்புவது வேறு. அந்த 1,500 ரூபாய் எந்தச் சட்டத்தின் கீழ் வெளியே போகிறது? வாங்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் என்ன தருகிறது?

முதலில் பணம் எப்படி வெளியே வருகிறது என்று பார்த்துவிடலாம். மாநிலத்தின் வருவாய் எல்லாம் திரள்நிதியில் சேர்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவுப்படி, சட்டத்துக்கு இணங்கவும் அரசமைப்பு வகுத்த வழியிலும் அதில் சொல்லியுள்ள நோக்கங்களுக்காகவும் அன்றி அந்த நிதியிலிருந்து ஒரு காசுகூட எடுக்க முடியாது. அந்த வழி 202 முதல் 207 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆளுநரின் பரிந்துரையோடு மானியக் கோரிக்கை வர வேண்டும். சட்டமன்றம் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. கோரிக்கைகள் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். தொகையையோ அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றும் திருத்தம் எதையும் அதில் கொண்டுவரக் கூடாது என்கிறது 204-ஆம் பிரிவு. ஆகவே அந்த முன்வடிவின் மீது நடப்பது பெரும்பாலும் சடங்குதான். ஒரு அட்டவணை, துறைவாரியாகத் தொகைகள், கையெழுத்து. மார்ச் 31 வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாஷான் வழக்கைப் புரிந்துகொள்ள அது தேவை. சில செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. திரள்நிதியின் மீது சாற்றப்பட்டவை அவை. ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், கடனுக்கான வட்டி ஆகியவற்றோடு, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றத் தேவைப்படும் தொகையும் 202-ஆம் பிரிவின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தீர்ப்பின்படி ஒரு குடிமகனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று சட்டமன்ற உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டியதில்லை. அது முதல் வரிசையில் நிற்கும் கடன். அரசமைப்பை எழுதியவர்கள் அந்த வரிசையைத் தெளிந்தே வைத்தார்கள். நிலத்தை இழந்த குடும்பத்துக்காக நீதிபதிகள் கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் அதற்கான கருவி இந்தப் பட்டியலிலேயே இருந்தது. தொகையை நீதிமன்றம் தீர்மானித்து உத்தரவிட்டால் அது சாற்றப்பட்ட செலவாகிவிடும். அரசு ஏமாற்ற வழியில்லை. அதற்காக வேறு லட்சக்கணக்கான பெண்களின் பணத்தைப் பிணையாக வைக்க வேண்டியதில்லை. திட்டம் நிறுத்தப்படவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

செலவுக்கு மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு லண்டனிலிருந்து பார்சலில் வந்து சேரவில்லை. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் இந்த ஊர்க்காரர். ஃபெர்குசன் கல்லூரியில் கணக்கு கற்பித்த கோபால கிருஷ்ண கோகலே, 1897-இல் வெல்பி ஆணையத்தின் முன் இந்தியாவின் செலவுகள் பற்றிச் சாட்சியம் சொன்னார். 1902 மார்ச் 26-இல் கல்கத்தாவில், வைஸ்ராய் கர்சன் தலைமையில் கூடிய சட்டப் பேரவையில் தமது முதல் வரவுசெலவு உரையை ஆற்றினார். 1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர்கள் வரவுசெலவைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. ஒரு ரூபாயைக் குறைக்கவோ மறுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. இருந்தும் ஆண்டுதோறும் எண்களை அடுக்கினார். ஏழையின் உப்புக்கு வரி போட்டுக்கொண்டே கஜானாவில் உபரி காட்டுவது நல்ல நிர்வாகம் ஆகாது என்பது அவர் வாதம். ஒரு மணங்கு உப்புக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1903-இல் இரண்டாகவும், 1905-இல் ஒன்றரையாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. அவர் ஒருவரால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்களைச் சேர்க்க அவருக்கு உதவியவர்களில் ஜி.வி. ஜோஷி என்ற பள்ளி ஆசிரியரும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆங்கில அரசின் கணக்குப் புத்தகங்களை அரசைவிட நன்றாகப் படித்த ஆசிரியர் அவர்.

கோகலே 1905-இல் இங்கே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இல் வந்து சேர்ந்தார் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைவரானார். கணக்கு கேட்பது பொதுவாழ்வின் முதல் கடமை என்ற பாடத்தைப் புனேயில் கற்றுக்கொண்ட தமிழர்களில் அவர் ஒருவர். நாமும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாக்குரிமை வந்தது. கேள்வியின் முகமும் மாறியது. நிதி ஒதுக்கச் சட்டம் ஒன்றே போதுமா, அல்லது ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சட்டம் வேண்டுமா?

1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கு வந்தது. பஞ்சாப் அரசு பாடநூல் வெளியீட்டைத் தானே எடுத்து நடத்தியது. சட்டம் இயற்றாமல் அரசு எப்படி வியாபாரம் செய்யலாம் என்று பதிப்பாளர்கள் கேட்டார்கள். யாருடைய உரிமையையும் பறிக்காதவரை, செலவுக்குச் சட்டமன்றத்தின் நிதி ஒப்புதல் இருக்கும்வரை, அரசு தன் நிர்வாக அதிகாரத்தின் கீழ் இதைச் செய்யலாம் என்றார் தலைமை நீதிபதி பி.கே. முகர்ஜி. நாடு புதிது. பள்ளிகளும் அணைகளும் ஆலைகளும் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன்.

அடுத்த பெரிய திருப்பம் 2010 மே 6. பீம் சிங் வழக்கு. 1993 டிசம்பரில் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிக்குத் தனிச் சட்டம் கிடையாது. வழிகாட்டு நெறிகள் மட்டுமே. சாலை, குடிநீர், சமுதாயக்கூடம் எல்லாம் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டியவை, மத்திய அரசுக்கு அங்கே என்ன வேலை என்று மனுதாரர்கள் கேட்டார்கள். ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. சதாசிவம், ஈரோட்டு மாவட்டத்துக்காரர். அவர் 282-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டார். பொதுநோக்கம் எதற்கும், சட்டமியற்ற அதிகாரம் இல்லாத துறையிலும்கூட, மத்திய அரசோ மாநிலமோ மானியம் தரலாம் என்று அது சொல்கிறது. நிதி ஒதுக்கச் சட்டமும் சட்டம்தான்; அது நிறைவேறியிருந்தால் தனிச் சட்டம் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 2013 ஜூலை 5-இல், அதே சதாசிவம் அவர்கள் ரஞ்சன் கோகோயுடன் அமர்ந்து சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் தீர்ப்பளித்தார். நம் தமிழ்நாட்டுக் கதை. 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்களித்தது. ஆட்சிக்கு வந்ததும் முதல் கட்டமாக 750 கோடி ஒதுக்கியது. 2011-இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி என்று பட்டியலை நீட்டியது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது. சட்டமன்றம் ஒப்புதல் தந்த செலவில் நீதிமன்றம் புகுந்து இது பொதுநோக்கமா இல்லையா என்று எடைபோடாது. அறிக்கைகளுக்குத் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும் என்று முடிந்தது அது.

செலவுக்கு அரசமைப்பு வைத்த நேரடித் தடைகள் மிகக் குறைவு. குறிப்பிட்ட மதத்தைப் பேணுவதற்கென்றே வசூலிக்கும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. அதை வைத்து ஹஜ் மானியத்துக்கு எதிராக வந்த வழக்கு 2011-இல் தோற்றது. சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவு உண்டு. இவ்வளவுதான். ஆக, இந்தியாவில் இன்று செலவுச் சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எதிர்த்து வெல்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. 2009-இல் பேப் வழக்கில், ஒதுக்கீட்டுச் சட்டம் பணத்தை எடுத்து வைக்க மட்டுமே உதவும், செலவழிக்கும் அதிகாரத்தை அதுவே தந்துவிடாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. 2012-இல் இன்னும் கூர்மையான வழக்கு. அரசுப் பள்ளிகளில் மதபோதகர்களை ஆலோசகர்களாக வைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. குயின்ஸ்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் தந்தை ஒருவர் வழக்குப் போட்டார். நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம் இல்லாமல் இப்படிச் செலவழிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது, பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான திட்டங்களுக்கும் ஒரேயடியாக அனுமதி என்று. அதே தந்தை மறுபடியும் போனார். 2014-இல், அந்தச் சட்டம் இந்தத் திட்டத்தைத் தாங்காது என்று ஆறு பேர் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது.

அந்த நாட்டு விதியை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே 282 போன்ற பிரிவு இல்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்த விதம் மட்டும் நமக்கு வேண்டும். பணத்தை எடுத்து வைப்பது ஒன்று. யாருக்கு, எந்தத் தகுதியில், எவ்வளவு காலம், மறுத்தால் எங்கே முறையிடுவது என்று எழுதி வைப்பது இன்னொன்று. நம் நீதிமன்றங்கள் முதலாவது இருந்தால் போதும் என்றன. செல்லுபடி என்ற அளவில் அது சரி. ஆனால் செல்லுபடியாகும் ஒரு சட்டம் மக்களுக்கு எதையும் தராமலே இருக்கலாம். நிதி ஒதுக்கச் சட்டம் சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான ஏற்பாடு. கல்யாணச் செலவுக்கென்று தாத்தா பெரிய பிள்ளையிடம் பணம் கொடுத்துவிடுவதைப் போன்றது அது; சமையல்காரர் அதைக் காட்டித் தாத்தாவிடம் கூலி கேட்க முடியாது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் எனக்குரிய தொகை எங்கே என்று கேட்க முடியாது.

லாட்கி பஹினைப் பாருங்கள். 2024 ஜூன் 28-இல் அப்போதைய நிதியமைச்சர் அஜித் பவார் வரவுசெலவு உரையில் அறிவித்தார். ஆண்டுக்கு 46,000 கோடி ரூபாய் என்றார். அன்றே அரசாணை (ஜி.ஆர்.) வந்துவிட்டது. 21 முதல் 60 வயது வரை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். சில நாட்களில் வயது வரம்பு 65 ஆனது. நிலம் பற்றிய நிபந்தனை நீங்கியது. இருப்பிடச் சான்றிதழ் விதி தளர்ந்தது. எல்லாமே அரசாணை வழியாக. ஜூலையில் 94,889 கோடிக்குத் துணை மானியக் கோரிக்கைகள் வந்தன. அதில் 25,000 கோடி இதற்கு. நவம்பரில் தேர்தல். அதன் பிறகு சரிபார்ப்பு. ஐந்து லட்சம் பேர் தகுதியற்றவர்கள் என்று 2025 பிப்ரவரியில் அமைச்சர் அதிதி தட்கரே அறிவித்தார். ஜூலையில் 26 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பணம் வாங்கியிருந்தது வெளியே வந்தது.

மோசடியாக வாங்கியவரை நீக்க வேண்டும்; அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த 26 லட்சத்தில் உண்மையான தகுதியுள்ள ஒருத்தியாவது இருப்பாள் அல்லவா? வீட்டில் யாரோ பெயரில் கார் இருப்பதாகப் பதிவேட்டில் தவறாக இருக்கலாம். ஆதாரில் பெயர் பிழையாக இருக்கலாம். அவளுக்கு முன்கூட்டி அறிவிப்பு தர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எத்தனை நாளில் மேல்முறையீடு முடிய வேண்டும்? எழுதியவர்கள் எழுதாமல் விட்டார்கள். 14-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொல்வார். ஹடப்சரில் வீட்டுவேலை செய்யும் பெண் 1,500 ரூபாய்க்கு மும்பை போய் ரிட் மனு போடமாட்டாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025-இல் சமூகநீதித் துறைக்கும் பழங்குடியினர் நலத்துறைக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து ஒரு பங்கு இந்தத் திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. சமூகநீதித் துறை அமைச்சர் சஞ்சய் சிர்சாட் தாமே பகிரங்கமாக அதை எதிர்த்தார். ஒரு அமைச்சர் தம் துறையின் பணம் போவதைச் செய்தியாளர்களிடம் முறையிட வேண்டிய நிலை. ஒரு ஏழையின் தொகை இன்னொரு ஏழையின் கணக்குக்கு மாறுவதற்கு அரசாணை ஒன்றே போதும் என்றால், கோகலே கேட்ட வாக்குரிமையால் என்ன பயன்?

வேறு வழி இல்லையா என்று கேட்டால், இந்த மாநிலமே அந்த வழியை உலகத்துக்குக் காட்டியது என்பேன். இந்த அரங்கில் இருக்கும் பலர் மாதச் சம்பளக்காரர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் தொழில் வரி என்று மாதம் 200 ரூபாயும் பிப்ரவரியில் 300 ரூபாயும் பிடிக்கிறார்களே, அது எதற்காகத் தொடங்கியது என்று யோசித்திருக்கிறீர்களா? கிராமத்தில் வேலை கேட்டு வந்தவருக்கு வேலை கொடுக்க.

அந்த வேலை உறுதித் திட்டத்தின் மூளை வி.எஸ். பாகே; சட்ட மேலவையின் தலைவராக இருந்தவர். 1965-இல் சாங்லி மாவட்டம் தாஸ்காவ் தாலுகாவில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 1972 பஞ்சம் வந்தது. கிணறுகள் வற்றி, ஆடுமாடுகளை விற்றுவிட்டு, லட்சக்கணக்கான மக்கள் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வரிசையில் நின்றார்கள். அரசாணையாக ஓடிக்கொண்டிருந்த திட்டத்துக்கு முதலில் பணத்துக்கு வழி செய்தார்கள். 1975-இல் தொழில் வரிச் சட்டம். பிறகு உரிமைக்கு வழி செய்தார்கள். மகாராஷ்டிர வேலை உறுதிச் சட்டம், 1977. நடைமுறைக்கு வந்தது 1979 ஜனவரி 26. ஊரகத்தில் உடலுழைப்புக்கு முன்வரும் வயது வந்த எவருக்கும் வேலை பெறும் உரிமை உண்டு என்று அது எழுதியது. பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும். தனி நிதி ஒன்றை அது அமைத்தது. தொழில் வரியும் வேறு சில வரிகளும் அதில் சேரும். சேர்ந்த தொகைக்கு இணையான தொகையை அரசும் போட வேண்டும். நகரத்தில் சம்பளம் வாங்குகிறவன் கிராமத்தில் கூலி கேட்கிறவனுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று சட்டமன்றமே முடிவெடுத்து எழுதிவைத்த ஆவணம் அது. எனக்குத் தெரிந்து இந்தியாவில் எந்தச் செலவுச் சட்டமும் இவ்வளவு நேர்மையாக எழுதப்படவில்லை.

அது குறையில்லாமல் நடந்ததா என்றால் இல்லை. நிதியில் சேர்ந்த பணமெல்லாம் வேலைக்குப் போகவில்லை. போலிப் பதிவேடுகள் வந்தன. ஆனால் அந்தக் குறைகளைச் சுட்டிக்காட்ட ஒரு சட்டம் இருந்தது. 2005-இல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றியபோது இதுவே முன்மாதிரி. அதன் விளைவை நீதிமன்றத்திலும் பார்த்தோம். ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2016-இல், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறைவேற்றாமலிருக்கப் பணமில்லை என்பது சாக்காகாது என்றது உச்ச நீதிமன்றம். 2018-இல், கூலி தாமதமானால் இழப்பீடு தரவேண்டிய கடமையிலிருந்து மத்திய அரசு நழுவ முடியாது என்று நீதிபதி மதன் லோக்கூர் அமர்வு சொன்னது. பீம் சிங், பாலாஜி வழக்குகளில் கைகட்டி நின்ற அதே நீதிமன்றம்தான். இங்கே கூலிக்காரரின் பெயரில் ஒரு சட்டம் இருந்தது. அதனால் நீதிபதிகளுக்குப் பிடி கிடைத்தது.

தமிழ்நாட்டையும் இதே தராசில் வைக்கிறேன். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெயரிலேயே உரிமை இருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி வைத்தார்கள். மகாராஷ்டிரத்தோடு ஒப்பிட்டால் அது மேலானது. ஆனாலும் அந்த விதியும் அரசாணையில்தான். அரசாணை தந்ததை அரசாணையே எடுத்துக்கொள்ளலாம். பெண்களின் வீட்டு உழைப்புக்கு அங்கீகாரம் என்று அறிவித்த அரசு அதைச் சட்டமாக எழுதத் தயங்கியது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இதற்கு நிதித்துறையில் பணியாற்றியவர்கள் ஒரு பதில் சொல்வார்கள். உரிமையாக எழுதிவிட்டால் கைகள் கட்டப்பட்டுவிடும், வருவாய் குறைந்த ஆண்டில் நிறுத்த முடியாது என்பார்கள். இது உண்மையான கவலை. ஆனால் 46,000 கோடி என்று அறிவித்து, அடுத்த ஆண்டு 36,000 கோடியாகக் குறைத்து, இடைவெளியைச் சரிபார்ப்பு என்ற பெயரில் பெண்களின் தலையில் இறக்குவதுதான் நெகிழ்வு என்றால், அந்த நெகிழ்வு யாருக்கு வேண்டும்? சட்டம் எழுத உட்கார்ந்தால் அமைச்சர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே பணம் எங்கிருந்து வரும் என்பதுதான். 1975-இல் பதில் சொன்னார்கள். புது வரி போட்டார்கள். வரி கட்டியவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கட்டினார்கள். தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது அறிவிக்கும் திட்டத்தில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. இலவசம் வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் ஒன்றுசேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது.

சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் தங்கள் வேலையை விட்டுக்கொடுத்ததும் இதில் சேரும். 2023 மார்ச் 23-இல் மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் கில்லட்டின் முறையில் சில நிமிடங்களில் நிறைவேற்றியது. சட்டமன்ற ஒப்புதல் இருக்கிறது, ஆகவே தலையிடமாட்டோம் என்று நீதிமன்றம் பின்வாங்குகிறது. அந்த ஒப்புதலோ கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் போய்விடுகிறது. அவை நடவடிக்கையின் குறைகளை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு 212-ஆம் பிரிவும் நாடாளுமன்றத்துக்கு 122-ஆம் பிரிவும் தடுக்கின்றன. இரண்டு காவலர்களும் அடுத்தவர் விழித்திருக்கிறார் என்று நம்பித் தூங்குகிறார்கள்.

பாலாஜி தீர்ப்பை மறுஆய்வு செய்ய வேண்டுமா என்ற கேள்வியை 2022 ஆகஸ்ட் 26-இல் தலைமை நீதிபதி என்.வி. ரமணா தமது கடைசிப் பணிநாளில் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார். இலவசம் எது, நலத்திட்டம் எது என்று அந்த அமர்வு வரையறுக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வரையறுக்க முடியாது என்பது என் கருத்து. சைக்கிள் ஒரு மாணவிக்குப் பள்ளி, இன்னொருவர் கண்ணுக்கு இலவசம். அந்த அமர்வு கேட்க வேண்டியது வேறு. 282-ஆம் பிரிவைத் தற்காலிகமான, சிறப்பான தேவைகளுக்கு உரியது என்று பீம் சிங் தீர்ப்பே குறிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி விழுங்கி, முடிவுத் தேதியே இல்லாமல், மாதந்தோறும் கோடிக்கணக்கானோர் கணக்கில் விழும் தொகையை அந்த வகையில் சேர்க்க முடியுமா? முடியாது என்றால், இத்தனை ஆண்டுக்குள் தகுதி, தொகை, நிதி மூலம், நீக்கும் முறை, மேல்முறையீடு ஆகியவற்றோடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும், அதுவரை யாருக்கும் பணத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லலாம். திட்டத்தை ரத்து செய்யாமல் அரசைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வழி அது.

நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மகாராஷ்டிரச் சட்டமன்றம் டிசம்பரில் நாக்பூரில் கூடும். ஒரு தனிநபர் மசோதா கொண்டுவர ஓர் உறுப்பினர் போதும். செலவு கேட்கும் மசோதா என்பதால் ஆளுநரின் பரிந்துரை வேண்டும், அதைத் தர மறுத்தால் ஏன் மறுத்தீர்கள் என்று அவையில் கேட்கலாம். புனே நகரத் தொகுதிகளின் உறுப்பினர்களிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகல் ஒன்றையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.